கீரைக்காரன் கேட்ட காரணம்

செங்கோடன் மடத்துக்குள் நுழையும்போதே கேடயத்தை முன்னால் நீட்டிக்கொண்டுதான் வந்தான். மாவட்டத்தின் சிறந்த விவசாயத் தொழில்முனைவோர் என்று அதில் பொறித்திருந்தது. அரை ஏக்கர் கீரைத் தோட்டம், ஒரு கறவை மாடு, ஒரு மொபெட். இவற்றை வைத்தே நாற்பது வீடுகளையும் மூன்று ஓட்டல்களையும் வாடிக்கையாகப் பிடித்தவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருக்கத்தானே செய்யும்!

குரு கேடயத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இன்னும் பத்து நாள்ல பயிற்சிக் கூட்டமுங்க சாமி. முந்நூறு விவசாயிங்க வர்றாங்க. என் வெற்றிக்கு என்ன காரணம்னு நான் மேடையில சொல்லணுமாம். உழைப்புன்னு சொல்லலாம்னா, நல்லா உழைச்சவனெல்லாம் நெலத்த வித்துப்போட்டு பனியன் கம்பெனிக்குப் போறான். நான் என்னன்னு சொல்லட்டுங்க?”

“தோட்டத்துல எத்தனை பேரு வேலை செய்யறீங்க?”

“நான் ஒருத்தன்தாங்க. கூலிக்கு ஆளே வெக்கறதில்லை. அதான் என் சாமர்த்தியம்னு ஆபீசருங்க சொல்றாங்க.”

“பாவாயி?”

“சம்சாரமுங்களா? அவ ஊட்ல சும்மாதானுங்க இருக்கா.”



“அப்ப ஒண்ணு செய். அவங்களைப் பத்து நாள் இங்க கொண்டாந்து விடு. சும்மா இருக்கறவங்க இங்கயும் சும்மா இருக்கலாம். அப்புறம் உனக்குப் பதில் சொல்றேன்.”

அன்று மாலையே பாவாயியை மொபெட்டில் கொண்டுவந்து இறக்கினான். யாத்திரை வரும் பெண்கள் தங்கும் அறையை அவளுக்குக் கொடுத்தார்கள்.

“மாட்ட ஆருங்க கறப்பாங்க?” என்று கேட்டாள் அவள்.

“அதெல்லாம் நான் பாத்துக்கறேன், போ.”

பார்த்துக்கொண்ட லட்சணம் மறுநாளே தெரிந்தது. பாவாயி கை பட்டால் கண்மூடித் திறப்பதற்குள் கட்டாகிவிடும் கீரை, அவன் கையில் நழுவி நழுவி விழுந்தது. வேரில் மண் அலசாமல் கொண்டுபோனதை முதல் ஓட்டல்காரர் அப்படியே திருப்பிவிட்டார். மாடு எட்டி உதைத்தது. வேறு வழியில்லாமல் கூலிக்குக் கூப்பிட்ட இரண்டு பெண்கள் மதியத்தோடு கிளம்பினார்கள். இருட்டும் வரை இருந்து பறித்துக் கொடுக்கச் சொன்னான். அவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். பறிக்காமல் விட்ட கீரை நாலாம் நாள் முற்றிப் பூவெடுத்தது. ஐந்தாம் நாள் இரண்டாவது ஓட்டல்காரரும் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். ஆறாம் நாள் காலை சாப்பிடக்கூட இல்லை, மொபெட்டை மடத்துக்கு விரட்டினான்.

“பதில் தெரிஞ்சுபோச்சுங்க சாமி. பாவாயிதான் காரணம். மேடையில அவளையும் பக்கத்துல உக்கார வெச்சு ஒரு சால்வை போட்டுடறேன். இப்ப அவளை அனுப்பி வையுங்க. மிச்சப் பாத்தியாச்சும் தப்பிக்கட்டும்.”

சால்வை என்றதும் குருவின் முகம் கசந்தது. அவனை அந்த அறைக்கு அழைத்துப் போனார்.

பட்டப்பகல். பாவாயி சுவரோரமாகச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். வாசலில் இரண்டு பேர் வந்து நிற்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் தூங்கி அவன் பார்த்ததில்லை. அவன் கண் விழிக்கும்போது அவள் எழுந்து போயிருப்பாள், அவன் படுக்கும்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள்.

“உடம்புக்கு முடியலீங்களா?” என்றான்.

“வைத்தியரைக் கூட்டிவந்து காட்டினோம். நோவு ஒண்ணும் இல்லையாம். வந்ததுலேருந்து தூங்கறாங்க. சாப்பாட்டுக்கு எழுப்பறோம், சாப்பிட்டுட்டு மறுபடியும் படுத்துக்கறாங்க.”

செங்கோடன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான். குரு தொடர்ந்தார்.

“இப்படித் தூங்கி எத்தனை நாளாச்சும்மான்னு கேட்டேன். ரொம்ப யோசிச்சாங்க. கல்யாணத்துக்கு முந்தி, எங்கம்மா ஊட்லன்னாங்க.”

அவனுக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் பூவெடுத்து நின்ற பாத்திகள் மனத்தை விட்டுப் போகவில்லை. படியைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்தவன், குருவைத் திரும்பிப் பார்த்தான்.

“எழுப்பட்டுங்களா சாமி?”

“எழுப்பு. எதுக்குன்னு கேப்பாங்க. அதை மட்டும் நீயே உன் வாயால சொல்லு.”