எந்த மானையும்

'இவருக்கு இன்று பசியும் இல்லை, தூக்கமும் இல்லை. ஊரில் யாருக்கோ கேடு வரப்போகிறது' என்று அரசரைப் பார்த்து அஞ்சுகம் மனத்துக்குள் நினைத்துக்கொண்டாள். முகத்தில் மட்டும் வழக்கமான புன்னகை இருந்தது. காலையில் பொட்டு வைக்கும்போதே அதையும் வைத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்கள் என்பதால் சொல்லாமலே விட்ட ஒரு நாட்டில், அவள் அரசவையில் விகடம் சொல்பவளாக இருந்தாள். அரசர் கெட்டவர் அல்லர். சலிப்பு வந்தால்தான் அவரைத் தாங்க முடியாது. அன்று வந்திருந்தது. அரண்மனைக் காட்டில் மான் அருகிவிட்டது. பெரிய ஏரியின் நடுவே உள்ள ஏழு திட்டுகளுக்கு மான்கள் நீந்திப் போய், குட்டி போட்டுப் பெருகிக் கிடக்கின்றன என்று யாரோ சொல்லிவிட்டார்கள். திட்டுகள் என்றால் சின்னச் சின்னத் தீவுகள்தாம். பரம்பரையாக மஞ்சள் போடும் குடியானவர்களுக்குச் சொந்தமானவை. நிலத்துக்காரர் அழைக்காமல் அங்கே எவரும் படகைக் கட்டக் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு.

அதை மாற்றிவிடலாம் கோமானே என்றார் வேட்டைப் பொறுப்பில் இருந்த இடும்பராயர். அவையில் எல்லாரும் அரசரை அப்படித்தான் அழைப்பார்கள். காலையில் பாடகர் வந்து பெருமானே, கோமானே என்று அரை நாழிகை பாடினால்தான் அவர் கண்ணையே திறப்பார். அஞ்சுகம் மட்டும் அரசே என்பாள். இடும்பராயருக்கு அவளைப் பிடிக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆணையை அவரே எழுதினார். முதலில் 'புள்ளிமானை' என்று எழுதினார். கடமானும் அங்கே உண்டே, அதன் கொம்பு நம் வீட்டு நிலைக்கு மேலே நன்றாக இருக்குமே என்று தோன்றியது. அடித்துவிட்டு 'எந்த மானையும்' என்று திருத்தினார். அரசர் முத்திரை வைத்தார்.

குடிகள் முணுமுணுக்கிறார்கள் என்று மறுநாளே செய்தி வந்தது. இடும்பராயர் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்.

"அவர்கள் சிரித்த முகத்தோடு இந்த ஓலையில் சம்மதக் கீறல் இட வேண்டும், கோமானே. சிரிக்க வைப்பதுதானே அஞ்சுகத்தின் தொழில்? மூன்று நாள் கொடுப்போம். முடியாவிட்டால் அவள் வேறு தொழில் பார்க்கட்டும்."

அரசருக்கு இந்த யோசனை பிடித்திருந்தது. அஞ்சுகம் தலை வணங்கி ஓலையை வாங்கிக்கொண்டாள். பன்னிரண்டு ஆண்டுகளில் அவள் அந்த அவையில் மாட்டேன் என்று நேராகச் சொன்னதில்லை. அந்தச் சொல்லுக்கு வேஷம் கட்டி, மீசை ஒட்டி, நாலு பேர் சிரிக்கும்படி ஆக்கித்தான் உள்ளே அனுப்புவாள். சில நாள் வீட்டுக்குப் போன பிறகும் அந்த மீசையை யாருக்கு ஒட்டினோம் என்று அவளுக்கே குழப்பமாக இருக்கும்.

முதல் திட்டு சடச்சிக்குச் சொந்தம். ஐம்பதைத் தாண்டியவள், கை முழுக்க மஞ்சள் கறை. அஞ்சுகம் ஓலையை விரிக்கும் முன்பே அவள் தடுத்தாள்.

"நீங்க செத்த நேரம் கரையில போயி நில்லுங்கம்மா. நான் களை எடுக்கிறேன். என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

அஞ்சுகம் போய் நின்றாள். இடுப்பளவு வளர்ந்த மஞ்சளுக்குள் சடச்சி குனிந்ததும் காணாமல் போனாள். இலைகள் மட்டும் ஓரிடத்தில் ஆடின.

"இலை ஆடுது, அக்கா."

"மான் நெழலுக்குப் படுத்தாலும் அப்படித்தான் ஆடும்" என்று சடச்சி நிமிர்ந்தாள். "நானு, எம் மருமக, நாத்தனாரு, எல்லாரும் பொழுதன்னைக்கும் இதுக்குள்ளதான் குனிஞ்சு கெடக்கிறோம். படகுல நிக்கிறவனுக்கு நான் யாரு, மான் யாரு? மான் வந்தா வரப்புத் துவரையைக் கடிக்கும். கடிச்ச துவரை தழைச்சிரும். நான் தழைப்பேனா?"

மற்ற திட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். அவள் ஓலையை ஒரு முறை படித்தாள். இரண்டாம் முறை படிக்கும்போது நாக்கு ஓரிடத்தில் நின்றது. எந்தெந்த மான் இங்கே வரும் என்று கேட்டாள்.

"புள்ளிமான், கடமான், எப்பவாச்சும் சருகுமான்" என்று சடச்சி விரல் மடக்கினாள். "அப்புறம் எங்க அம்மான். தாய்மாமன். அவரும் மான்தான். மாசம் ஒருக்கா வருவாரு, கோழி அடிச்சுப் போடுற வரைக்கும் போக மாட்டாரு."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். அஞ்சுகம் சிரிக்கவில்லை. விரலால் ஓலையில் அந்த வரியை மெல்லத் தடவினாள். பிறகு எல்லாரையும் கிட்டே வரச் சொல்லித் தணிந்த குரலில் சற்று நேரம் பேசினாள். ஏழு திட்டுக்காரர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் எழுத்தாணியை வாங்கிக் கீறல் போட்டார்கள்.

நான்காம் நாள் காலை அரசர் வேட்டைக்குப் புறப்பட்டார். இடும்பராயரும் அஞ்சுகமும் அவைப் பிரபுக்கள் சிலரும் அதே படகில் ஏறினார்கள். படகு சடச்சியின் திட்டை நெருங்கியபோது மஞ்சளுக்குள் இலைகள் ஆடின. அரசர் நாணில் அம்பைப் பூட்டிக்கொண்டே இறங்கக் காலைத் தூக்கினார். கரையில் குடியானவர்கள் வரிசையாக நின்றார்கள். தோளில் வலை, கையில் கவண்.

"கும்பிடுறோம் சாமி. கால் மண்ணுல பட்டதும் ஒரு சத்தம் குடுங்க" என்றாள் சடச்சி பணிவாக. "வலையை வீசணும்."

யாருக்கு வலை என்று இடும்பராயர் அதட்டினார். அஞ்சுகம் ஓலையைப் பிரித்து நிதானமாகப் படித்தாள்.

"'நீர் கடந்து திட்டில் ஏறும் எந்த மானையும், எவரும், நிலத்துக்காரரைக் கேளாமல் வேட்டையாடலாம்.' தாங்கள் கோமான், அரசே. பின்னால் இருப்பவர்கள் சீமான்கள். இவர்கள் ஆணையை மீறத் தெரியாத மக்கள்."

"இது என்ன கூத்து? கோமான் எப்படி மான் ஆவார்?" என்றார் இடும்பராயர்.

"புள்ளிமான் என்று இருந்ததை அடித்து 'எந்த' என்று எழுதியது தாங்கள்தாம், ராயரே. வேண்டுமானால் ஒன்று செய்யலாம். நம் அரசர் கோமானும் இல்லை, பெருமானும் இல்லை என்று இன்றே நாடெங்கும் பறை அறைவித்துவிடலாம்."

தூக்கிய கால் தூக்கியபடி நின்றது. சீமான்கள் ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கியதில் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அரசர் திரும்பி அவர்களைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, சரி, அதோ அது எந்த மான் என்று அம்பு முனையால் ஆடும் இலைகளைக் காட்டினார்.

"அது எம் மருமக, சாமி. ஏழு மாசம்."

இலைகளுக்குள்ளிருந்து ஒரு தலை எழுந்தது. அரசர் அம்பை நாணிலிருந்து எடுத்துத் தூணியில் போட்டார்.

பழைய கட்டுப்பாடே இருக்கட்டும் என்றார். ஓலையில் கீறியதை அழிக்க முடியாது. ஆகவே இடும்பராயரே அதைத் தம் கையால் கிழித்து ஏரியில் விட வேண்டியதாயிற்று.

அதன் பிறகு அரசர் முகம் தெளிந்து அஞ்சுகத்தைப் பார்த்தார்.

"உனக்குப் பரிசு தர வேண்டுமே. இந்தத் திட்டையே தருகிறேன். இந்தப் பெண்ணுக்கு வேறெங்காவது நிலம் கொடுத்துவிடலாம். வாங்கிக்கொள்."

சடச்சியின் மஞ்சள் கை வலையை இறுகப் பிடித்தது.

"திட்டு வாங்குவது எனக்குப் புதிதா, அரசே? பன்னிரண்டு ஆண்டுகளாக அரண்மனையில் நாள் தவறாமல் வாங்குகிறேன்" என்றாள் அஞ்சுகம்.

அரசர் மறுபடியும் சிரித்தார். படகில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தபடியே அவர் முத்திரை மோதிரத்தைக் கழற்றி அவள் பக்கம் நீட்டினார்.

சிரிப்பு அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"வேண்டாம், அரசே" என்றாள்.

மீதி விகடத்துக்காக அரசர் நீட்டிய கையோடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மீதி எதுவும் இல்லை.