புத்தம்புது பிஸ்டன்

காங்கேயத்துப் பட்டறை முதலாளி நாச்சிமுத்து, தன் பழைய பைக்குக்கு ஆன்லைனில் பாதி விலையில் புத்தம்புது பிஸ்டன் ஒன்றைக் கண்டுபிடித்து, ஆர்டர் போடப் போனார். அங்கே மண்ணெண்ணெயில் பார்ட்ஸ் கழுவும் பூவாத்தா, "வேண்டாமுங்க, ஏமாத்துறாங்க" என்றாள்.

"பொருளைப் பார்க்காமலே சொல்றியோ? இப்பவே நிரூபி. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

பூவாத்தா கையைத் துடைத்துக்கொண்டு, விற்பவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரைத் தட்டினாள். "ஏனுங்ணா, எங்க இஞ்சின் தேஞ்சு கிடக்குதுங்க. ஓடித் தேஞ்ச பிஸ்டன்தான் அதுக்குச் சேருமாம். உங்களுது புதுசாச்சே, வேண்டாமுங்க."

"அட, போனை வெச்சுராதீங்கம்மா! இது நாப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடினது. பாலீஷ் போட்டிருக்கோம். டப்பா மட்டுந்தான் புதுசு!"

முதலாளியின் முறுக்கு மீசை தொங்கிவிட்டது.

பூவாத்தா பணிவாகக் கேட்டாள்: "டப்பாவாவது புதுசுதானுங்க, ஐயா. ஆர்டர் போட்டுரட்டுங்களா?"