ரீசெட் பட்டன்

பாலிடெக்னிக் லேபைக் கூட்டிப் பெருக்குகிறவள் செண்பகவடிவு. யாரோ தூக்கிப்போட்ட மைக்ரோகன்ட்ரோலர் போர்டை எடுத்து, தானே புரோகிராம் எழுதிப் பழகி, சுவரில் முட்டாமல் ஓடும் குட்டி ரோபோ வண்டி ஒன்றைச் செய்துவிட்டாள். துறைத்தலைவர் ஆதிமூலம் அதைப் பார்த்தார். மறுநாளே வண்டியோடு அவளை முதல்வர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"என் வண்டியைத் திருடிட்டா சார். போலீஸைக் கூப்பிடுங்க."

"உன்னுதுதான்னு நிரூபிக்க முடியுமாம்மா?" என்றார் முதல்வர்.

டாக்டர் பட்டம் வாங்கியவருக்கு எதிரே தன் பேச்சு எடுபடுமா என்று வடிவு யோசித்தாள். அறைத் தரையில் ஓடிக்கொண்டிருந்த வண்டியைப் பிடித்து, போர்டிலிருந்த சின்ன பட்டன்மேல் விரலை வைத்தாள்.

"இது ரீசெட் பட்டன் ஐயா. அமுக்கினா உள்ள இருக்கிற புரோகிராம் மொத்தமும் அழிஞ்சிரும். எனக்கும் வேண்டாம், சாருக்கும் வேண்டாம். அமுக்கிரட்டுமா?"

ஆதிமூலம் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டால் தன் கதை முடிந்தது என்று அவளுக்குத் தெரியும்.

அவர் சிரிக்கவில்லை. பாய்ந்து வந்தார். "ஐயோ, தொடாதே! என் ரெண்டு வருஷ உழைப்பு போயிரும்!"

வடிவு கண்ணை இறுக மூடிக்கொண்டு அமுக்கினாள். வண்டி ஒரு கணம் நின்றது. பிறகு முன்போலவே ஓட ஆரம்பித்தது.

"ரீசெட் பண்ணினா புரோகிராம் அழியாது, முதல்ல இருந்து ஓடும்," என்றார் முதல்வர் மெதுவாக. "ஒரு நாள் போர்டைத் தொட்டவனுக்கே இது தெரியும். ரெண்டு வருஷமா எதுல உழைச்சீங்க டாக்டர்?"

வடிவு தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதல்வரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இதுல உட்காரும்மா. எப்படிச் செஞ்சே, சொல்லு."