மூன்று ஞாயிறு வாசித்த பெயர்

சோறு வேகிற நேரம் போதும் இந்தக் கதைக்கு. விடை கடைசியில் இருக்கிறது. அவசரப்பட்டு அங்கே ஓடிவிடக் கூடாது.

ஞானதீபம் ஐயா பத்தொன்பது வருஷம் சர்ச்சில் குருவானவராக இருந்தவர். ஊருக்குத் தண்ணீர் கேட்டு மனுக் கொடுத்துக் கொடுத்துச் சலித்துப்போய், அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுப் பஞ்சாயத்துத் தலைவருக்கு நின்றார், ஜெயித்தார். ஒரே வருஷத்தில் புதுத் தண்ணீர்த் தொட்டி வந்தது. அதற்கு மோட்டார் போட ஓர் ஆள் வேண்டும். சம்பளம் உள்ள வேலை, ஆனால் ஒரே வேலை.

தன் சபைக்காரர்களுக்கே கொடுத்துவிட்டார் என்று பேச்சு வந்துவிடக் கூடாதே. அதனால் கோயில் தெரு செல்லக்கனியை அவராகவே முடிவு செய்தார். கணவனை இழந்தவள், ரெண்டு பிள்ளைகள். முடிவு செய்த பிறகும் பழைய பழக்கம் விடவில்லை. சர்ச்சில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். ஆட்சேபம் இருந்தால் அதற்குள் சொல்ல வேண்டும். மூன்றாவது வாசிப்போடு பேச்சு முடிந்தது. அதே போலப் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் மைக் வைத்து, சர்ச் தெரு, கோயில் தெரு ரெண்டும் கூடியிருக்க, மூன்று ஞாயிறு செல்லக்கனியின் பெயரை வாசித்தார்.

"யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

மூன்று தடவையும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை செல்லக்கனி தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, மோட்டார் ரூம் சாவி வாங்க வந்தாள். அவளுக்கு முன்பே சர்ச் தெரு ரூபாவதி வந்து நின்றாள். ஊர்ப் பழைய மோட்டாரை ரெண்டு வருஷமாகச் சம்பளமில்லாமல் போட்டு வந்தவள் அவள். புருஷன் பனையிலிருந்து விழுந்து படுக்கையில் கிடக்கிறான்.

"அந்த வேலை எனக்கு வரும்னுதான இருந்தேன், ஐயா."

"மூணு வாரமும் முன்னாலதான உக்காந்திருந்த? ஏன் சொல்லல?"

"ஓலை வாசிக்கையில எந்திரிச்சா ஒரு குடும்பத்தக் கெடுத்த பாவம்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? செல்லக்கனி மேல எனக்கு என்ன ஆட்சேபம்? நல்ல பிள்ள."

"அக்கா, நான் இருந்த வேலையயும் விட்டுட்டு வந்து நிக்கேன்," என்றாள் செல்லக்கனி.

ஐயா கையில் ஒரு சாவி. சொல்லுங்கள்: சாவி யாருக்குச் சேர வேண்டும்? மூவரில் தவறு செய்தது யார்?

விடை: சாவி செல்லக்கனிக்குத்தான். ஊரறியக் கொடுத்த வாக்கை நம்பி, கையில் இருந்த பிழைப்பை விட்டவள் அவள். ரூபாவதி மேலும் தவறில்லை. ஐயா கேட்டது ஆட்சேபத்தை. அவளுக்கு இருந்தது ஆசை. நாலு இடம் விசாரித்து நிச்சயம் செய்த பிறகு வாசிப்பதுதான் ஓலை. இவரோ, 'யாருக்கு வேலை வேண்டும்?' என்று ஒரு வார்த்தை கேட்காமலே வாசிக்கப் போய்விட்டார். தவறு அவருடையது. அன்றைக்கே ரூபாவதி வீட்டுக்குப் போய் அதைச் சொல்லி மன்னிப்பும் கேட்டார். அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள். "அங்கியோட வந்திருந்தா மன்னிச்சிருப்பேன், ஐயா. இப்ப தலைவராத்தான வந்திருக்கீங்க. அடுத்த எலெக்‌ஷன்ல பாத்துக்கிடலாம்," என்றாள்.