இறகு கழுத்தில் இருந்தும்…

ஒரு காட்டுக் குளத்தில் சுழலி என்ற நீர்நாயும் கல்லன் என்ற ஆமையும் வாழ்ந்துவந்தன. சுழலிக்கு மூன்று குட்டிகள். கோடை முழுவதும் அந்தக் குளத்து மீன்தான் அவற்றுக்குச் சாப்பாடு.

குளத்தின் மடையைத் தண்ணீருக்கடியில் ஓர் உருண்டைக் கல் அடைத்திருந்தது. மழைநீர் ஏறி மருத மரத்து வேரைத் தொட்டால், கல்லை ஒரு தள்ளு தள்ள வேண்டும்; அது சற்று விலகி, கூடுதல் தண்ணீர் மட்டும் வடியும். தள்ளாவிட்டால் கரை உடைந்துவிடும். இரண்டாவது தள்ளு தள்ளினாலோ, கல் பள்ளத்தில் உருண்டு போய்விடும். பிறகு சொட்டுத் தண்ணீர் மிஞ்சாது!

ஆகவே ஒரு கட்டுப்பாடு. எதிர்க்கரை நாவல் கிளையில் கொடியில் கட்டிய மயிலிறகு தொங்கும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டவரே மடைக்குப் போகலாம். மற்றவர் காத்திருக்க வேண்டும். அந்த இறகுதான் குளத்துக்குப் பூட்டு.

பங்குனியில் ஒருநாள் மழை கொட்டித் தீர்த்தது. சுழலி எட்டிப் பார்த்தது. தண்ணீர் வேரைத் தொட்டிருந்தது!

"ஐயோ, கரை போயிடும்!" என்று எதிர்க்கரைக்கு நீந்தியது. கிளையில் இறகைக் காணோம். சுழலிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரத்தில் கல்லன் இறகோடு ஆடி அசைந்து வந்தது.

"தங்கச்சி, நான் இப்பத்தான்…"

"கதை பேச நேரமில்லண்ணே! கொடுங்க இப்படி!"

சுழலி இறகைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு ஒரே பாய்ச்சலாக மடைக்குப் போனது. வேர்ப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. அதான் முன்பே பார்த்தாயிற்றே! மூச்சைப் பிடித்துக்கொண்டு கல்லைத் தள்ளியது.

கடகடவென்று கல் உருண்டது. குளமே இரைச்சலோடு மடை வழியாக ஓடியது. மீன்களும் கூடவே போயின. பொழுது சாய்வதற்குள் வெறும் சேறுதான் மிச்சம்!

"எப்படிண்ணே? எப்படி? இறகு என் கழுத்துலதானே இருந்துச்சு!"

கல்லன் மெதுவாகக் கேட்டது: "தள்ளும்போது இருந்துச்சு, தங்கச்சி. வேரைப் பார்த்தப்போ இருந்துச்சா? அப்போ அது என்கிட்ட இருந்துச்சே! நான்தான் ஒரு தள்ளு தள்ளிட்டு வந்தேன்."

இறகு இன்னும் சுழலியின் கழுத்தில் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. குட்டிகள் சேற்றில் இறங்கி மூக்கால் கிளறின.

"அம்மா, மீன் எங்கேம்மா?"

பொதுவான ஒன்றை மாற்றப் போகிறவர், பூட்டைக் கையில் எடுத்த பிறகுதான் அந்தப் பொதுப் பொருளின் நிலையைப் பார்க்க வேண்டும். முன்பு பார்த்ததை நம்பிக் கைவைத்தால் பூட்டு இருந்தும் பயனில்லை.