தூழி என்றும் தூயி என்றும்

குறுந்தோட்டு மலையில் பேசப்படும் மொழிக்கு எழுத்து கிடையாது. அதற்கு எழுத்து அமைத்துக்கொடுக்க மங்கையர்க்கரசி அங்கே போய் ஏழு வருடம் ஆகியிருந்தது. அந்த ஆசிரியைக்கு வயது நாற்பத்தொன்று. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த தெய்வசிகாமணிக்கு ஐம்பத்தொன்பது.

சிகாமணி மதுரையில் ஓர் அச்சகத்தில் முப்பத்துநான்கு வருடம் பிழை திருத்தியவர். ஓய்வு பெற்ற மறுவாரமே ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தோடு மலையேறி வந்தார்.

"என்ன கொண்டு வந்திருக்கீங்க, ஐயா?"

"ஒரு மொழி, டீச்சரம்மா. இருபது வருசமா நானே உண்டாக்கினது. பேரு நேரி. அம்பத்தெட்டு ஒலி, அம்பத்தெட்டு எழுத்து. ஒரு ஒலிக்கு ஒரே எழுத்து, ஒரு எழுத்துக்கு ஒரே ஒலி. இதுல யாரும் பிழையா எழுத முடியாது. பிழையாப் படிக்கவும் முடியாது."

ஆசிரியை அன்று முற்பகல் முழுவதும் அந்த நோட்டைப் படித்தார். ஒரு பக்கத்தையும் விடவில்லை. சில இடங்களில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"அழகா இருக்கு. இதுல யார்கிட்ட பேசியிருக்கீங்க?"

"இதுவரைக்கும் யார்கிட்டயும் இல்ல."

"அப்ப பிழை வர வழியில்லதான்."

ஆசிரியை நோட்டின் எழுத்துப் பட்டியலுக்குத் திரும்பினார்.

"ழ வைக்கலையே?"

சிகாமணி நோட்டை வாங்கி மூடினார். ஆசிரியை மறுபடி கேட்கவில்லை. பின்கட்டு அறையைக் காட்டி, பெட்டியை அங்கே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

*

அந்த நேரத்தில் மலையில் ஒரு தகராறு நடந்துகொண்டிருந்தது.

மலையில் இரண்டு ஊர்கள். உச்சியில் மேல்பாடி, ஓடைக்கரையில் கீழ்பாடி. இரண்டுக்கும் இடையில் இரண்டு மணி நேர ஏற்றம்; அந்த வழியில்தான் ஆசிரியையின் வீடு. மொழி ஒன்றுதான். ஆனால் மேல்பாடிக்காரர்கள் ழ என்று சொல்லும் இடத்தில் கீழ்பாடிக்காரர்கள் ய என்பார்கள். மழையை மேலே 'வீழெ' என்பார்கள், கீழே 'வீயெ' என்பார்கள். தமிழ் எழுத்துகளைக் கொண்டே அந்த மொழியின் முதல் பாடப் புத்தகம் தயாராகியிருந்தது. அதன் முதல் சொல் மழை. எப்படி எழுதுவது என்பதில் நான்கு மாதமாகப் புத்தகம் நின்றுபோயிருந்தது. எப்படி எழுதினாலும் ஓர் ஊர் தோற்றதாக ஆகிவிடும்.

சிகாமணி ஒரு வாரம் இதைக் கவனித்தார். பிறகு கேட்டார்.

"இதுல எது சரி, டீச்சரம்மா?"

"நீங்க என்ன செய்வீங்க?"

"ரெண்டு புத்தகம் போடுவேன். அவங்கவங்க வாயில வர்ற மாதிரியே. ஒலி எப்படியோ எழுத்து அப்படி. சண்டையே இல்ல."

"போடுங்க."

இவ்வளவு எளிதில் சம்மதம் கிடைக்கும் என்று சிகாமணி எதிர்பார்க்கவில்லை. பத்தே நாளில் இரண்டு புத்தகங்களையும் தயார் செய்தார். மேல்பாடிக்குப் பச்சை அட்டை, கீழ்பாடிக்கு நீல அட்டை. இரண்டு ஊரிலும் மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டார்கள். பெரியவர்களே வகுப்புக்கு வந்தார்கள். இரண்டு மாதத்தில் பலர் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார்கள்.

"பாத்தீங்களா, டீச்சரம்மா?" என்றார் சிகாமணி.

"பாத்துக்கிட்டிருக்கேன், ஐயா."

*

கீழ்பாடியில் ஒரு பெண் இருந்தாள். மேல்பாடியில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா வீட்டுக்குப் போய்ப் பிள்ளை பெற வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆனால் கல்யாணத்தின்போது இரண்டு வீட்டுக்கும் மனத்தாங்கல் வந்து, ஒரு வருடமாகப் போக்குவரத்து இல்லை. நேரில் போகத் தயங்கியவள் நீலப் புத்தகத்தில் கற்ற எழுத்தில் ஒரு கடிதம் எழுதினாள். அந்த மலையில் ஒருவர் மற்றவருக்கு எழுதிய முதல் கடிதம் அதுதான்.

சிகாமணி தானே அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். மூச்சு வாங்க மேல்பாடி ஏறினார்.

அவளுடைய அம்மா மாரெ வாசலில் தினை புடைத்துக்கொண்டிருந்தார். கடிதம் என்றதும் முறத்தை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினார்.

"அம்மா. நான் நல்லா இருக்கேன். வீ... யெ. வீயெ வர்றதுக்குள்ள நான் அங்க வரட்டுமா? இப்படிக்கு, தூ... யி."

மாரெ நிமிர்ந்தார்.

"தூயின்னா யாரு?"

"உங்க மகதாம்மா."

"என் மக பேரு தூழி. நான் வெச்ச பேரு அது."

"அங்க அப்படித்தானே சொல்றாங்க."

"அவங்க சொல்லட்டும். அவங்க வாய் அது. இது இவ கையால எழுதினது. ஒரு வருசத்துல பேரையே விட்டுட்டாளா?"

கடிதத்தை நான்காக மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"எழுதினவங்ககிட்டயே குடுத்துடுங்க."

மாரெ முறத்தை எடுத்துக்கொண்டார். ஆனால் புடைக்கவில்லை. சிகாமணி திரும்பும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

*

அவர் இறங்கி வந்து நடந்ததைச் சொன்னார். ஆசிரியை கேட்டுக்கொண்டார்.

"கடிதத்துல பிழை எங்க இருக்கு, ஐயா?"

"பிழையே இல்ல. நான் பாத்துட்டுத்தான் கொண்டுபோனேன்."

"வாங்க, அந்தப் பொண்ணைப் பாத்துட்டு வருவோம்."

அவள் ஓடைக்கரையில் பாறைமேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சிகாமணி கையில் கடிதம் திரும்பி வந்ததைப் பார்த்தாள். முகம் வாடியது.

சிகாமணி கேட்டார்.

"உன் உண்மையான பேரு எதும்மா?"

"ஒரே பேருதானே, ஐயா."

"அம்மா ஒண்ணு சொல்றாங்க. இங்க இன்னொண்ணு சொல்றாங்களே?"

"அம்மா வாயில அப்படி வருது. வீட்டுக்காரரு வாயில இப்படி வருது. ரெண்டு பேரும் என்னைத்தான் கூப்பிடறாங்க. ரெண்டுக்கும் நான்தான் திரும்பிப் பாக்கறேன்."

"அப்ப எழுதும்போது?"

"எழுதும்போதுதான் ரெண்டாச்சு."

ஆசிரியை ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிகாமணி கடிதத்தை அவள் கையில் கொடுத்தார்.

திரும்பும்போது பாதி வழியில் சிகாமணி ஒரு மரத்தடியில் நின்றுவிட்டார்.

"டீச்சரம்மா, எனக்கு ழ வராது."

"தெரியும், ஐயா."

"எப்பத் தெரியும்?"

"வந்த அன்னைக்கே. பிழை பிழைன்னு ரெண்டு தடவை சொன்னீங்க. ரெண்டு தடவையும் பிளைன்னுதான் காதுல விழுந்தது."

சிகாமணி சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"இருபத்திரண்டு வயசுல வானொலியில செய்தி வாசிக்கற வேலைக்குப் போனேன். குரல் நல்லா இருக்குன்னாங்க. ஒரு பத்தி வாசிக்கச் சொன்னாங்க. முதல் வரியிலயே தமிழ்னு இருந்தது. வாசிச்சேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெண்டு பேரு சிரிச்சது இன்னும் கண்ணுல நிக்குது. அதுக்கப்புறம்தான் அச்சகத்துக்கு வந்தேன். முப்பத்துநாலு வருசத்துல ஒரு ழகரப் பிழைகூட என் கையைத் தாண்டிப் போனதில்ல. ஆனா சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நேரி எழுத உக்காந்துடுவேன். அதுல ழ கிடையாது."

ஆசிரியை கேட்டார்.

"சொந்த ஊரு எது, ஐயா?"

அவர் தயங்கித்தான் சொன்னார்.

"சோளவந்தான்."

ஆசிரியை கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்து நீட்டினார்.

"எழுதிக் காட்டுங்க."

சிகாமணி மண்ணில் எழுதினார். சோழவந்தான்.

"மதுரையில எந்த போர்டு பாத்து பஸ் ஏறுவீங்க?"

"இந்த போர்டுதான்."

"கண்டக்டர்கிட்ட என்ன சொல்லி டிக்கெட் கேப்பீங்க?"

"சோளவந்தான்னு."

"எங்க இறக்கி விட்டாங்க?"

சிகாமணி மண்ணில் எழுதியதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆசிரியை முன்னால் நடக்கத் தொடங்கினார். அவர் வந்து சேர நேரமானது.

*

மறுநாள் காலை சிகாமணி தனியாகவே கீழ்பாடிக்குப் போனார். அந்தப் பெண்ணின் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார்.

"உன் பேரை எழுதும்மா. ழ போடாத. ய போடாத. இவங்களுக்கும் உறுத்தக் கூடாது, அம்மாவுக்கும் உறுத்தக் கூடாது."

அவள் யோசித்தாள். தூ என்று எழுதினாள். பக்கத்தில் ஒரு சுழி போட்டு, அதிலிருந்து கீழே ஒரு கோடு இழுத்து, நுனியை மேலே வளைத்துவிட்டாள். அந்த வளைவின்மேல் இகரக் கொக்கியை மாட்டினாள். அது எந்த மொழியிலும் இல்லாத எழுத்து.

"இது என்னம்மா?"

"என் பேருல நடுவுல வர்றது."

சிகாமணி அந்தத் தாளைக் கீழ்பாடியில் பத்துப் பேரிடம் காட்டினார். தூயி என்று படித்தார்கள். அவள் புதிதாக எழுதிக் கொடுத்த கடிதத்தோடு மறுபடி மலையேறினார்.

மாரெ கடிதத்தை வாங்கத் தயங்கினார். பிறகு வாங்கினார். கடைசி வரியில் விரல் நின்றது.

"இது என்ன எழுத்து? பச்சைப் புத்தகத்துல இல்லையே."

"உங்க மக போட்டது. உங்களுக்கு என்னன்னு தோணுது?"

மாரெ கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்.

"தூழி," என்றார்.

மறுபடி மேலே போய், மழை என்ற சொல்லில் அதே எழுத்து இருப்பதைக் கண்டுபிடித்து, அதையும் படித்தார். அப்புறம் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனார். வெளியே வந்தபோது தோளில் ஒரு போர்வை இருந்தது.

"ஏத்தத்துல அவளைத் தனியா விட முடியாது. நானே போய்க் கூட்டிட்டு வர்றேன். நீங்களும் கீழதானே போறீங்க, ஐயா?"

இருவரும் ஒன்றாக இறங்கினார்கள். வழியில் ஒரு திருப்பத்தில் சிகாமணி, "தூளி காத்துக்கிட்டிருப்பா," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மாரெ அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"ஆமா, காலையில இருந்தே பாதையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா," என்றார்.

*

குழந்தை மேல்பாடியில் பிறந்தது. பெண் குழந்தை. பார்ப்பதற்குக் கீழ்பாடியிலிருந்து பதினாறு பேர் மேலே வந்தார்கள். வந்தவர்கள் இரண்டு நாள் தங்கிவிட்டுத்தான் போனார்கள்.

பச்சைப் புத்தகமும் நீலப் புத்தகமும் போய் ஒரே புத்தகம் வந்தது. சாம்பல் நிற அட்டை. அந்த நிறத்தை இரண்டு ஊரும் பேசி முடிவு செய்தன. புத்தகம் வந்த அன்று எல்லோரும் ஓடைக்கரையில் கூடினார்கள். முதல் பக்கத்தை யார் வாசிப்பது என்று பேச்சு வந்தது. மேல்பாடிக்காரர் வாசித்தாலும் சரியில்லை, கீழ்பாடிக்காரர் வாசித்தாலும் சரியில்லை. தூழிதான், "ஐயா வாசிக்கட்டும்," என்றாள்.

சிகாமணி ஆசிரியையைப் பார்த்தார். ஆசிரியை தலையசைத்தார்.

அவர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"வீளெ."

மாரெ பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

"மேல வீழெ பெய்யுது, கீழ வீயெ பெய்யுது. ஐயா ஊருல வீளெ பெய்யும் போல."

கூட்டம் சிரித்தது. சிகாமணியும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அடுத்த வரியை வாசித்தார். அதிலும் அந்த எழுத்து வந்தது. இந்த முறை அவர் தொண்டையைச் செருமவில்லை.

*

சில நாள் கழித்து வகுப்பறைச் சுவரில் மாட்ட ஒரு பெரிய எழுத்து அட்டவணை தயாரானது. ஒவ்வோர் எழுத்துக்கும் எதிரே அதன் ஒலியை விளக்கும் கட்டம் ஒன்று. நாக்கு எங்கே தொடுகிறது, உதடு எப்படிக் குவிகிறது என்றெல்லாம் சிகாமணி கவனமாக எழுதிக்கொண்டே வந்தார். தூழி போட்ட எழுத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டார்.

"டீச்சரம்மா, இதுக்கு எதிர என்ன எழுதட்டும்?"

"எல்லாத்துக்கும் எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன். இது ஒண்ணுதான் பாக்கி. மேல ஒரு ஒலி, கீழ ஒரு ஒலி. ரெண்டையும் எழுதட்டுமா?"

"உங்களுதையும் சேத்தா மூணு."

"அப்ப மூணையும் எழுதட்டுமா? நாளைக்கு வேற ஊருல இருந்து ஒரு மருமக வந்தா நாலாயிடுமே?"

"ஆகும்."

"அப்ப இந்தக் கட்டத்துல என்னதான் எழுதறது?"

ஆசிரியை அட்டவணையை வாங்கிப் பார்த்தார். மை காய்ந்திருக்கிறதா என்று ஓரத்தில் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டுவதற்கு ஆணியைத் தேடினார்.

"அதைக் காலியா விடுங்க, ஐயா. வர்றவங்க சொல்லிக்குவாங்க."