முள்ளண்ணன் வாசலைத் தாண்டவில்லை

ஒரு கண்ணாடித் தொட்டியில் பல மீன்கள் குடியிருந்தன. சதா வாலாட்டித் திரியும் கப்பி மீன்கள் ஒரு பெருங்கூட்டம். கறுப்புப் பட்டை போட்ட ஏஞ்சல் மீன் ஒன்று. நீளச் செட்டையைத் தொங்கவிட்டு அது உலா வரும் தோரணையைப் பார்த்து எல்லாரும் அதை மைனர் என்றே கூப்பிட்டார்கள். அடித்தரையில் பாசி மேய்கிற ஜாதிக் கெளுத்தி ஒரு ஜோடி. ஆண் கெளுத்தியின் பெயர் முள்ளன். மூக்கெல்லாம் மீசை! கன்னத்தில் முள்! ஆளைப் பார்த்தால் ரவுடி மாதிரி இருப்பான். அவன் மனைவி சொக்கி. அவளுக்கு மீசையும் கிடையாது, வம்பும் கிடையாது.

தொட்டி மூலையில் ஒரு கொட்டாங்கச்சி கவிழ்ந்து கிடந்தது. ஓரத்தில் உடைந்த இடம்தான் வாசல். ஒருநாள் அதற்குள் போன முள்ளன் வெளியே வரவேயில்லை. சொக்கி எட்டிப் பார்த்தாள். அவளையும் முட்டித் தள்ளிவிட்டான்.

கப்பிகள் வாய் சும்மா இருக்குமா?

"கட்டினவளையே விரட்டிட்டானாம்!"

"உள்ளே எதையோ பதுக்கி வெச்சிருக்கான்!"

பட்டுவாலி என்ற கப்பி நேரே சொக்கியிடம் போனாள். "ஏன்க்கா, உன் புருஷனுக்கு என்ன வந்துச்சு?"

சொக்கி கண்ணாடிப் பாசியைச் சுரண்டியபடியே சொன்னாள். "உள்ளே எங்க முட்டை இருக்கு. போடுறது என் பாடு. பொரிச்சு வர்ற வரைக்கும் பார்த்துக்கிறது அவர் பாடு. எங்க வம்சத்துல அப்படித்தான். நான் போனாக்கூட விடமாட்டார்."

"ஆம்பளை காவல் காக்குறதா! நல்லா இருக்கே!" பட்டுவாலிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கப்பிகள் முட்டை போடுவதில்லை, குஞ்சாகவே ஈனும். ஈன்ற மறுநிமிடம் மறந்துவிடும். பசித்தால் ஈன்றதையே விழுங்கிவிடும். அப்படிப்பட்டவளுக்கு இது கூத்தாகத்தானே தெரியும்?

முட்டை என்ற சொல் மைனர் காதில் விழுந்தது. அவனுக்கு வாயில் எச்சில் ஊறியது.

"பட்டுவாலி, இங்கே வா! அவனை வெளியே இழுக்கணும். உனக்கும் பங்கு உண்டு!"

"எப்படி இழுக்கிறது?"

"பட்டினி கிடக்கிறவனுக்கு எதைக் காட்டணுமோ அதைக் காட்டணும்!"

வீட்டுக்காரி குமுதவல்லி வழக்கம்போல வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கிப் போட்டாள். மைனரும் கப்பிகளும் அதை மூக்கால் நெட்டி நெட்டிக் கொட்டாங்கச்சி வாசலுக்கே கொண்டுபோய் வைத்தார்கள். பட்டுவாலி தேனாகப் பேசினாள். "முள்ளண்ணே! உனக்கு உயிரான வெள்ளரிக்கா! ஒரு வாய் தின்னுட்டுப் போயேன்!"

முள்ளன் தலை தெரிந்தது. ஐயோ, எப்படி வற்றிப் போயிருந்தான்! வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. வெள்ளரிக்காயையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் தானாகத் திறந்து மூடியது.

"வேண்டாம்மா. நான் செட்டையால விசிறிக்கிட்டே இருக்கணும். நிறுத்தினா முட்டைக்குக் காத்து கிடைக்காது. நீங்க தின்னுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பிக்கொண்டான்.

மைனர் பல்லைக் கடித்தான். அவனுக்கும் ஒரு காலம் வந்தது. மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒருநாள் காலையிலேயே கரண்ட் போயிற்று. காற்று மோட்டார் நின்றது. குமிழி நின்றது. வெயில் ஏற ஏறத் தண்ணீர் புழுங்கியது. எல்லா மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கின.

"இப்போ மாட்டினான்!" மைனர் துள்ளினான். "மூச்சு முட்டினா யாரா இருந்தாலும் மேலே வந்துதானே ஆகணும்? பட்டுவாலி, நீ போய் வாசல்ல நில்லு. அவன் கிளம்பினதும் குரல் கொடு!"

பட்டுவாலி போனாள். அவன் கிளம்புகிற வழியாக இல்லை. பொறுமை போய் உள்ளே தலையை நீட்டினாள். நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அடேயப்பா! கொத்துக் கொத்தாக ஆரஞ்சு முட்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு கறுப்புக் கண்கள்! கண்ணுக்குக் கீழே ஏதோ ஒன்று விட்டு விட்டுத் துடித்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு முட்டை கிழிந்து ஒரு வால் வெளியே வந்து படபடத்தது. இத்தனை குஞ்சுகளை ஈன்றவள் அவள். ஓர் உயிர் உயிராகிற நேரத்தை இதுவரை நின்று பார்த்ததேயில்லை.

முள்ளன் விசிறிக்கொண்டிருந்தான். செட்டை ஓரமெல்லாம் நைந்து கிழிந்திருந்தது. அப்படியும் விசிறினான்.

"அண்ணே... மூச்சு முட்டலையா?"

"முட்டுது."

"ஒரு எட்டு மேலே போயிட்டு வாயேன்!"

"நான் போனா இதுங்களுக்கு யாரும்மா காத்து அடிக்கிறது?"

மேலே இருந்த மைனரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. சர்ரென்று இறங்கி வந்து வாசலில் மூக்கை நுழைத்தான். முள்ளன் கன்னத்து முள்ளை விரித்தான். ஆனால் பாவம், சண்டைக்குப் போனால் விசிற முடியாது. விசிறினால் வாசல் காலி. என்ன செய்வான்? இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தவித்தான்.

பட்டுவாலி வீறிட்டாள். "அண்ணே, நீ விசிறு! வாசலை நான் பார்த்துக்கறேன்! ஏய், எல்லாரும் ஓடி வாங்கடி!"

கப்பிக் கூட்டம் கீழே பாய்ந்தது. மைனரின் நீளச் செட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கடித்தார்கள்.

"அடிப்பாவி, நம்ம கூட்டு என்னாச்சு?" என்று மைனர் அலறினான்.

"உள்ளே பார்த்துட்டேன்டா! அதுக்கப்புறம் உன்னோட கூட்டா?"

கந்தலான செட்டையோடு மைனர் செடிக்குப் பின்னால் போய் ஒளிந்தான். கப்பிகளுக்கும் மூச்சு திணறியது. முறை வைத்து மேலே போய் மூச்சு வாங்கி வந்து வாசலில் நின்றார்கள். சாயங்காலம் கரண்ட் வந்தது, குமிழி வந்தது. முள்ளன் அப்போதும் விசிறிக்கொண்டுதான் இருந்தான்.

பிறகு ஒரு காலைப்பொழுதில் கொட்டாங்கச்சியிலிருந்து குட்டிக் கெளுத்திகள் புறப்பட்டன. கண்ணாடி, கல், செடி என்று எங்கே பார்த்தாலும் ஒட்டிக்கொண்டு பாசி மேய்ந்தன. கடைசியாக முள்ளன் தள்ளாடி வெளியே வந்தான். எந்தப் பிள்ளைக்கும் அவன் யாரென்றே தெரியவில்லை. ஒன்று அவன் முதுகு மேலேயே ஏறிப் போயிற்று.

பட்டுவாலிக்கு அழுகையே வந்துவிட்டது. "அண்ணே, உயிரைக் கொடுத்துக் காப்பாத்தினியே! ஒண்ணுகூட உன்னைத் திரும்பிப் பார்க்கலையே!"

"அதை விடும்மா. எல்லாம் வயிறு நிறையத் தின்னுதா பாரு" என்றான் முள்ளன்.

கைம்மாறு கேட்காத காவலைக் கண்ணால் பார்த்துவிட்டால், கெடுக்க வந்தவரும் காக்க நின்றுவிடுவார்கள்.